பள்ளிக்கூடத்துப் பெயரில் 'வாட்' ஏன்? தாய்லாந்துக் கல்வி வளர்ந்த கதை

1 | சிலோம்வாசி

பாங்காக் வந்து ஏழு வருடம் ஆகிவிட்டது. தாய் எழுத்தை நான் புத்தகம் வைத்துப் படிக்கவில்லை. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டித்தான் பழகினேன். அப்போதிருந்தே ஒரு சந்தேகம். இங்கே பள்ளிக்கூடத்துக்கு 'ரோங்ரியன்' என்று பெயர். ரோங் என்றால் கூடம், ரியன் என்றால் படிப்பது. சரி, புரிகிறது. ஆனால் மாநகராட்சிப் பள்ளிகளில் ஏகப்பட்டவை 'ரோங்ரியன் வாட்' என்றே தொடங்குகின்றன. வாட் என்றால் பௌத்த விகாரை.

எங்கள் சந்தில் இருக்கும் பள்ளியும் அப்படித்தான். விகாரைக்குள் நுழையும் வாசல்தான் பள்ளிக்கும் வாசல். மதிலுக்கு இந்தப் பக்கம் பிக்குகளின் காவித்துணி காய்கிறது, அந்தப் பக்கம் பையன்கள் பந்து உதைக்கிறார்கள். பந்து துணிமேல் விழுந்தால் வயதான பிக்கு ஒருவர் வந்து எடுத்துப் போடுகிறார், திட்டுவதில்லை. காலை எட்டு மணிக்குத் தேசிய கீதம் ஒலித்தால் பிள்ளைகள் மட்டுமல்ல, வாசலில் மீன் உருண்டை பொரிக்கிற அம்மாவும் கரண்டியை வைத்துவிட்டு நேராக நிற்கிறார்.

அலுவலகத்தில் கேட்டேன். ஒருவர், "ஐந்தாம் ராமா மன்னர்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடம் கொண்டுவந்தார்" என்கிறார். பக்கத்து மேசைக்காரர், "எங்கள் தாத்தாவுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தது பிக்குதான், ராஜா இல்லை" என்கிறார். இரண்டில் எது சரி?

2 | ரயிலடி

இதில் என்ன மர்மம்? இடம் விகாரையுடையது, சம்பளம் அரசாங்கத்துடையது. தாய்லாந்தை எந்த வெள்ளைக்காரனும் ஆளவில்லை. அதனால் மெக்காலே வரவில்லை, இங்கிலீஷ் மீடியம் வரவில்லை, நிம்மதியாகத் தாய்மொழியில் படித்தார்கள். கதை முடிந்தது.

3 | ஏட்டுக்கட்டு

ரயிலடி அண்ணே, நீங்கள் முடித்த இடத்தில்தான் கதையே ஆரம்பிக்கிறது.

சிலோம்வாசி, உங்கள் இரண்டு சகாக்களும் சரிதான். முதலில் விகாரைப் பக்கத்தைச் சொல்கிறேன்.

பழைய சயாமில் (தாய்லாந்தின் பழைய பெயர்) பள்ளிக்கூடம் என்று தனிக் கட்டடம் கிடையாது. பையனுக்கு எட்டு, பத்து வயதானால் அப்பா அவனைக் கொண்டுபோய் ஒரு பிக்குவிடம் விட்டுவிடுவார். அவன் 'டெக் வாட்', அதாவது விகாரைப் பையன். விடியற்காலையில் பிக்கு பிச்சைக்குக் கிளம்பினால் பின்னாலேயே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பான். திரும்பி வந்து முற்றம் கூட்டுவான், பாத்திரம் கழுவுவான். பிக்குகள் சாப்பிட்டு மீந்ததைச் சாப்பிடுவான். இதற்கு நடுவில் கிடைக்கிற நேரம்தான் பாடம். கருப்புப் பூசிய பலகையில் வெள்ளை மண் குச்சியால் எழுத்து, எண், கொஞ்சம் பாலி மந்திரம். கட்டணம் கிடையாது, தேர்வு கிடையாது, கால அட்டவணையும் கிடையாது. பிக்குவுக்கு என்ன தெரியுமோ அதுதான் பாடத்திட்டம். மருத்துவம் தெரிந்தவரிடம் விட்டால் மூலிகை, சிற்பம் தெரிந்தவரிடம் விட்டால் உளி.

கொஞ்சம் வளர்ந்தால் சாமணேரன் (இளந்துறவி), 20 வயதில் முழுத் துறவு. பெரும்பாலானவர்கள் ஒரு மழைக்காலம் மட்டும் காவி உடுத்திவிட்டு வீடு திரும்பிவிடுவார்கள். துறவு பூணாத ஆணை 'கொன் டிப்' என்பார்கள், வேகாத ஆள் என்று பொருள். பூண்டு திரும்பியவன் 'கொன் சுக்', வெந்த ஆள். பெண் கொடுப்பதற்குக்கூட வெந்த ஆளைத்தான் தேடினார்கள்.

பாடநூல் என்று பார்த்தால் பழைய தலைநகர் அயுத்தயாவில் நாராய் மன்னர் காலத்தில் (1656–1688) வந்த 'சிந்தாமணி' முதலாவது. ஹொராதிபொடி என்ற அரசவைச் சோதிடர் எழுதியதாகச் சொல்வார்கள். எழுத்திலக்கணமும் யாப்பும் சேர்ந்த நூல். அதே காலத்தில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் அயுத்தயாவில் பள்ளி தொடங்கியிருந்தார்கள். நம் பையன்கள் அங்கே போய்விடக் கூடாது என்ற கவலைதான் நூலை எழுத வைத்தது என்று ஒரு கருத்து உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாங்காக்கில் வாட் போவுக்குப் போகிறவர்கள் படுத்த புத்தரைப் பார்த்துவிட்டு மசாஜுக்குப் போய்விடுகிறார்கள். மண்டபச் சுவர்களில் பதித்திருக்கும் கல்வெட்டுகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மூன்றாம் ராமா 1830களில் விகாரையைப் புதுப்பித்தபோது மருத்துவம், நரம்பு ஓட்டம், யாப்பு, நீதிமொழி என்று தெரிந்ததையெல்லாம் பளிங்கில் வெட்டிச் சுவரில் பதித்துவிட்டார். 1,400க்கும் மேல் இருக்கின்றன. யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அவற்றுக்கு இடம் உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் உள்ளே வந்து நின்று படித்துக்கொள்ளலாம். அந்த மசாஜும் அங்கே சுவரில் இருந்த பாடம்தான்.

4 | சிலோம்வாசி

அருமை. ஒரு கேள்வி. பையன் விகாரைக்குப் போனான். பெண் குழந்தை?

5 | வசந்தா டீச்சர்

அதற்கு நான் பதில் சொல்கிறேன். போகவில்லை. பிக்கு பெண்களைத் தொடக்கூடாது, நேராகக் கையிலிருந்து கைக்குப் பொருள் வாங்கவும் கூடாது. அப்படியிருக்க எப்படிக் கை பிடித்து எழுத்து சொல்லிக்கொடுப்பார்? அரண்மனைக்குள் வளர்ந்த பெண்களும் சில பிரபு வீட்டுப் பெண்களும் படித்தார்கள். மற்றவர்களுக்கு நெசவும் சமையலும்தான். கட்டணமில்லாத, எல்லோருக்கும் திறந்த விகாரைக் கல்வி என்று புகழும்போது அந்த 'எல்லோரிலும்' பாதிப் பேர் வாசலுக்கு வெளியே நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெண்களுக்கென்று முதலில் பள்ளி திறந்தவர்கள் அமெரிக்கப் பாதிரிமார்கள். 1874இல் சாவ் பிரயா ஆற்றங்கரையில் வந்த வாங் லாங் பள்ளிதான் பின்னாளில் வத்தனா வித்தயா ஆனது. அரச குடும்பம் அதற்கு வெகுகாலம் கழித்துத்தான் விழித்தது. ராணி சாவ்வபா தொடங்கிய ராஜினி பள்ளி 1904.

அப்புறம் ஒரு சொல் விஷயம். சிலோம்வாசி 'ரோங்ரியன் வாட்' விசித்திரமாக இருக்கிறது என்கிறார். தம்பி, நாம் சொல்கிற 'பள்ளி' என்ன? சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடத்துக்குத்தானே பள்ளி என்று பேர்? கல்வெட்டில் வரும் பள்ளிச்சந்தம் அவர்களுக்கு விட்ட நிலம். அங்கே கூடம் போட்டுப் படித்ததால்தான் பள்ளிக்கூடம். தாய்க்காரர்கள் இரண்டு சொல்லையும் தனித்தனியாகப் பலகையில் எழுதுகிறார்கள், நாம் ஒட்டிவிட்டு மறந்துவிட்டோம்.

6 | சிலோம்வாசி

டீச்சர், இதை யோசிக்கவே இல்லை! நாளைக்கே ஆபீசில் போய்ச் சொல்கிறேன்.

7 | ஏட்டுக்கட்டு

இப்போது ராஜா பக்கம்.

ஐந்தாம் ராமா என்கிற சுலலோங்கோர்ன் பதவிக்கு வந்தது 1868இல். ஒரு பக்கம் பர்மாவில் ஆங்கிலேயர், மறுபக்கம் கம்போடியாவில் பிரெஞ்சுக்காரர். நாட்டைக் காப்பாற்றச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் அதிகாரிகள் வேண்டும், கணக்கு எழுத, கடிதம் எழுத ஆள் வேண்டும். விகாரைக் கல்வியில் மந்திரம் வரும், மாவட்டக் கணக்கு வராது. 1871இல் அரண்மனைக்குள் பிரபு வீட்டுப் பையன்களுக்குப் பள்ளி தொடங்கினார். அதற்குப் பாடநூல் எழுதியவர் ஸ்ரீசுந்தொன்வொஹான் என்ற பட்டம் பெற்ற நொய். அவர் எழுதிய வரிசையின் முதல் நூலுக்குப் பெயர் 'மூலபோத் பன்பகித்'. 1882இல் அரண்மனை ரோஜாத் தோட்டத்தில் சுவான் குலாப் பள்ளி வந்தது. சுவான் குலாப் என்றாலே ரோஜாத் தோட்டம். இன்றும் பெரிய பெயருள்ள பள்ளி.

இதெல்லாம் மேல்தட்டுக்கு. சாதாரண மக்களுக்கான முதல் அரசுப் பள்ளி 1884இல் வந்தது. எங்கே? வாட் மஹன்னபாராம் என்ற விகாரையில்! அங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது. ராஜா பிள்ளைகளைச் சேர்த்துக் கணக்கெடுக்கிறார் என்றதும் ஊரெல்லாம் புரளி கிளம்பிவிட்டது: "இது படிப்புக்கு இல்லை, பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள்." பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். கடைசியில் 1885இல் ராஜாவே, "பட்டாளத்துக்கு ஆள் வேண்டுமென்றால் பெரியவர்களைப் பிடிப்பேன், சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது" என்கிற அர்த்தத்தில் அறிவிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. வரி, உழைப்பு, ஆள்பிடிப்பு தவிர வேறு எதற்கும் அரசாங்கம் தேடி வந்து பார்த்திராத ஜனங்கள். சந்தேகப்பட்டதில் தப்பில்லை.

1887இல் கல்வித் துறை, 1892இல் அமைச்சகம். அதன் பெயர் 'தம்மகான்', தர்ம காரியம். விகாரை, பள்ளி, மருத்துவமனை மூன்றும் ஒரே அமைச்சகத்தின் கீழ். பிறகு 1897இல் ராஜா ஐரோப்பா போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் அடுத்த வருடமே மாகாணங்களில் பள்ளி பரப்பும் வேலை. பணம் இல்லை, ஆசிரியர் இல்லை, கட்டடம் இல்லை. ஆனால் ஊருக்கு ஊர் விகாரை இருக்கிறது. ராஜாவின் தம்பிகள் இரண்டு பேரிடம் பொறுப்பு போனது. ஒருவர் துறவியான இளவரசர் வச்சிரயான், அவர் பிக்குகளை மாகாணம் மாகாணமாக அனுப்பி விகாரைகளில் பாடம் ஏற்பாடு செய்தார். இன்னொருவர் உள்துறை பார்த்த இளவரசர் தம்ரோங், அவர் அச்சிட்ட நூல், பணம், நிர்வாகம் கவனித்தார். சிறுவர்கள் சீக்கிரம் படிக்கப் பழக 'விரைவுப் பாடநூல்' எழுதியவரும் தம்ரோங்தான்.

ஆக, ராஜா பள்ளிக்கூடம் 'கட்டினார்' என்பதைவிட, இருந்த விகாரைக்குள் தன் புத்தகத்தைக் கொண்டுபோய் வைத்தார் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

8 | ரயிலடி

பார்த்தீர்களா, நான் சொன்னதுதானே வந்து நிற்கிறது. சொந்த ராஜா, சொந்த விகாரை, சொந்த மொழி. இங்கிலீஷ் எங்கே? அதோடு 1917லேயே கட்டாயக் கல்விச் சட்டம் போட்டுவிட்டார்கள். எவ்வளவு முன்னோடி!

9 | ஏட்டுக்கட்டு

1917இல் வந்தது சுலலோங்கோர்ன் பல்கலைக்கழகம், நாட்டின் முதல் பல்கலைக்கழகம். கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் 1921. இரண்டும் ஆறாம் ராமா காலம்.

இங்கிலீஷ் வராமல் இல்லை, அரண்மனை வழியாக வந்தது. சுலலோங்கோர்னுக்கே சிறுவயதில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர் 1862இல் வந்த ஆனா லியோனோவென்ஸ். அவரை வைத்து வந்த சினிமாக்களைத் தாய்லாந்தில் திரையிட முடியாது, அது வேறு விஷயம். இளவரசர்கள் ஐரோப்பாவில் படித்தார்கள். வசதியுள்ளவர்கள் 1885இல் தொடங்கிய அசம்ப்ஷன் போன்ற கத்தோலிக்கப் பள்ளிக்குப் போனார்கள்.

10 | கொராட் மாப்பிள்ளை

இந்த இழையைப் பத்து நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். ரயிலடி அண்ணனின் 'சொந்த மொழி' என்கிற வார்த்தையைப் பார்த்ததும் இருக்க முடியவில்லை.

அண்ணே, 'தாய்மொழியில் படித்தார்கள்' என்று எழுதினீர்கள். தமிழில் அதை ஒட்டி எழுதினால் ஒரு அர்த்தம், பிரித்து எழுதினால் ஒரு அர்த்தம். அவர்கள் படித்தது தாய் மொழியில். அது நாட்டில் பெரும் பகுதிக்குத் தாய்மொழி இல்லை.

நான் கட்டியது இசான் பக்கத்துப் பெண்ணை. வடகிழக்கில் வீட்டில் பேசுவது லாவோ. வடக்கே சியாங் மாய் பக்கம் கம் முவாங். தெற்கே கடைசி மாகாணங்களில் மலாய். சூரின், புரிராம் பக்கம் போனால் கெமேர். நான் வேலை பார்க்கிற ஊரில் சந்தைக்குப் போனால் காதில் விழுவதெல்லாம் லாவோதான், பள்ளி வாசலைத் தாண்டினால் பாங்காக் தாய்.

அதுமட்டுமில்லை. இசான் விகாரைகளில் பழைய காலத்தில் எழுத்தே வேறு. சமய நூலுக்குத் தாம் எழுத்து, கதை பாட்டுக்குத் தாய் நொய் எழுத்து. வடக்கில் லன்னா எழுத்து. பெட்டி பெட்டியாகப் பனையோலைச் சுவடிகள் இன்னும் விகாரைகளில் தூங்குகின்றன. பாங்காக்கிலிருந்து பாடநூல் வந்து சேர்ந்த இரண்டு தலைமுறையில் அதைப் படிக்க ஊரில் நாலைந்து கிழவர்கள்தான் மிஞ்சினார்கள். ஏட்டுக்கட்டு சொன்ன அதே விகாரை, அதே மண்டபம். பழைய எழுத்தைக் காப்பாற்றிய இடத்தில் உட்கார்ந்துதான் அதை மறக்கவும் வைத்தார்கள்.

என் மனைவியின் பாட்டிக்கு இப்போது 88 வயது. படிப்பு என்ன என்று கேட்டால் 'போ சீ' என்பார். நாலாம் வகுப்பு. அவர் தலைமுறையில் ஊரில் யாரைக் கேட்டாலும் அதே 'போ சீ'தான். 1921 சட்டப்படி ஏழு வயதிலிருந்து பதினான்கு வரை பள்ளிக்குப் போக வேண்டும், நாலு வருடம் முடித்தால் விட்டுவிடலாம். ஆரம்பத்தில் நாட்டில் பாதி தம்போன்களில்கூட (தம்போன் என்றால் சில கிராமங்கள் சேர்ந்த வட்டாரம்) அது நடைமுறைக்கு வரவில்லை. 1930களின் நடுவில்தான் எல்லா இடத்துக்கும் எட்டியது. பாட்டி படித்தது விகாரையின் சாலாவில். சுவர் கிடையாது, நாலு தூணும் கூரையும்தான். நாலு வகுப்பும் ஒரே கூரையின் கீழ் நாலு மூலையில் உட்காரும். மழை சாய்ந்து அடித்தால் எல்லோரும் நடுவில் வந்து ஒரே வகுப்பாகிவிடுவார்களாம்.

அவர் அடிக்கடி சொல்லும் ஒன்று. வகுப்பில் வாய் தவறி லாவோவில் பேசினால் கழுத்தில் ஒரு அட்டை மாட்டிவிடுவார்களாம். அடுத்தவன் வாய் தவறும் வரை அது இவர் கழுத்தில். "அதனால் நாங்கள் பாடத்தைக் கவனிக்கவே இல்லை, பக்கத்தில் இருப்பவள் எப்போது லாவோ பேசுவாள் என்றே காது கொடுத்துக்கொண்டிருந்தோம்" என்று சிரிப்பார். சிரித்து முடித்ததும் அதை லாவோவில் இன்னொரு தடவை சொல்வார்.

வெள்ளைக்காரன் ஆளாத நாடுதான். ஆனால் இசான் குழந்தைக்கு அந்த வகுப்பறை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

11 | ரயிலடி

சரி மாப்பிள்ளை. அந்த இடைவெளியை நான் கவனிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன், பாதி.

12 | ஹட்யாய் கடைக்காரர்

மீதிப் பாதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.

இங்கே தெற்கில் 1921 சட்டம் என்றால் பெரியவர்கள் முகம் மாறும். பட்டாணி, யாலா, நராத்திவாட் மூன்று மாகாணத்திலும் பெரும்பாலும் மலாய் பேசும் முஸ்லிம்கள். அவர்களுக்கு வேறு கல்வி இருந்தது. 'பொண்டோக்', தாய் உச்சரிப்பில் பொனோ. குரு ஒருவர் வீட்டைச் சுற்றிப் பையன்கள் சின்னச் சின்னக் குடிசை போட்டுத் தங்கி, குர்ஆனும் அரபும் ஜாவி எழுத்தில் (மலாய்க்கு வைத்துக்கொண்ட அரபு எழுத்து) மலாயும் படிப்பார்கள். பட்டாணி அந்தக் காலத்தில் இதற்குப் பெயர் போன ஊர்.

அரசாங்கம் வந்து 'எல்லாப் பிள்ளைகளும் தாய்ப் பள்ளிக்கு வா' என்றால் என்ன அர்த்தம்? வடக்கே பள்ளி என்றால் விகாரை. மலாய் முஸ்லிம் தகப்பன் பிள்ளையை விகாரை வளாகத்துக்கா அனுப்புவான்? கூடவே 'சூக்சா பலி' என்று ஒரு வரி. பெயரைப் பாருங்கள், சிக்ஷை, பலி. கல்விக் காணிக்கை என்பது பொருள். ஆண்களிடம் தலைக்கு வருடத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று பாட். போகாத பள்ளிக்கு வரி. 1922இல் பட்டாணியில் நம்சாய் என்ற இடத்தில் கலகமே வெடித்தது. அரசு அடக்கியது, பிறகு அந்தப் பக்கம் கொஞ்சம் கெடுபிடியைத் தளர்த்தியது.

சீனர்களுக்கும் இதே கதைதான். 1918இல் தனியார் பள்ளிச் சட்டம் வந்தது, தாய் மொழி கட்டாயமாகச் சொல்லிக்கொடு என்றது. ராணுவப் பிரதமர் பிபூன் சோங்க்ராம் காலத்தில் 1939, 40 வாக்கில் சீனப் பள்ளிகளைக் கூட்டமாக மூடினார்கள். ஹட்யாய் கடைத்தெருவில் இன்று ஐம்பது வயதுச் சீன முதலாளிக்குச் சீனத்தில் தன் பெயர் மட்டும்தான் எழுத வரும்.

1961இலிருந்து பொண்டோக்குகளைப் பதிவு செய்து, மதப்பாடமும் அரசுப் பாடமும் சேர்த்து நடத்தும் தனியார் இஸ்லாமியப் பள்ளிகளாக மாற்றினார்கள். சில நன்றாக ஓடுகின்றன. 2004க்குப் பிறகு கலவரம் முற்றியதில் ஆசிரியர்களும் சுடப்பட்டார்கள், பள்ளிகள் எரிந்தன. காலையில் ராணுவ வண்டி முன்னும் பின்னும் வர ஆசிரியைகள் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. மஹிடோல் பல்கலைக்கழகத்தார் சில அரசுப் பள்ளிகளில் முதலில் பட்டாணி மலாயில் தொடங்கி மெல்லத் தாய்க்குக் கொண்டுபோகும் இருமொழித் திட்டம் நடத்தினார்கள். பிள்ளைகளுக்குத் தாய் மொழிப் பாடமும் முன்பைவிட நன்றாக வந்தது. 2016இல் யுனெஸ்கோவின் செஜோங் எழுத்தறிவு விருது கிடைத்தது.

13 | சிலோம்வாசி

ஒரு பெயர்ப்பலகையில் ஆரம்பித்து எங்கேயோ வந்துவிட்டோம். 1932க்குப் பிறகு ராஜா அதிகாரம் போனதே, பள்ளியில் ஏதாவது மாறியதா?

14 | ஏட்டுக்கட்டு

மாறியது. 1932 ஜூன் 24 அன்று ஆட்சியைப் பிடித்த மக்கள் கட்சியின் ஆறு கொள்கைகளில் கடைசியானது, மக்களுக்கு முழுமையான கல்வி. அதைவிட முக்கியமானது அரசியலமைப்பில் வைத்த ஒரு நிபந்தனை. மக்களில் பாதிக்கு மேல் தொடக்கக் கல்வி முடிக்கும் வரை நாடாளுமன்றத்தில் எல்லோரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க மாட்டார்கள், ஒரு பகுதி நியமனம். அந்த இலக்கை எட்டாவிட்டாலும் பத்து வருடத்தில் முடிந்துவிடும் என்று வரம்பு. நாலாம் வகுப்பு 'போ சீ'தான் முழு ஜனநாயகத்துக்கு டிக்கெட்! 1940இல் பத்து வருடத்தை இருபதாக நீட்டிவிட்டார்கள் என்பது தனி வயிற்றெரிச்சல்.

1934இல் மக்கள் கட்சித் தலைவர்களில் ஒருவரான பிரிடி பனோம்யோங் தம்மசாத் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். அப்போது பெயர் தர்ம சாஸ்திர, அரசியல் பல்கலைக்கழகம். யார் வேண்டுமானாலும் சேரலாம், வகுப்புக்கு வரவேண்டிய கட்டாயம் இல்லை. முதல் வருடமே ஏழாயிரத்துக்கும் மேல் சேர்ந்தார்கள், நிறையப் பேர் வேலை பார்த்துக்கொண்டே படித்த குமாஸ்தாக்கள். 1952இல் பெயரிலிருந்து 'அரசியல்' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். சொல்லை எடுத்தால் போய்விடுமா? 1973 அக்டோபர் 14இல் ராணுவ ஆட்சியைக் கவிழ்த்த மாணவர் எழுச்சி கிளம்பியது அங்கிருந்துதான். 1976 அக்டோபர் 6இல் மாணவர்களைச் சுட்டுக் கொன்றதும் அதே வளாகத்தில்தான். இரண்டாவது தேதியைப் பற்றிப் பள்ளிப் பாடநூலில் தேடினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிலோம்வாசிக்காக ஒன்று. தாய் எழுத்தில் 44 மெய்கள், அதில் வடமொழியின் மூன்று 'ச'வுக்கும் மூன்று தனி எழுத்து, தாயில் மூன்றுக்கும் ஒரே ஒலிதான். அவற்றில் இரண்டு பெரும்பாலும் வடமொழிச் சொல்லை எழுத வைத்துக்கொண்டவை. பல்லவ எழுத்து கெமேர் வழியாக வந்து பழைய சுகோதாய் அரசில் தாய் எழுத்தானபோது அந்த மிச்சமும் கூடவே வந்துவிட்டது. பிபூன் 1942இல் இதெல்லாம் எதற்கு என்று 13 மெய்களைத் தூக்கிவிட்டார். மூன்று 'ச'வும் ஒன்றாகின. கல்வி என்று பொருள்படும் 'சூக்சா' என்ற சொல்லையே புது எழுத்தில் எழுத வேண்டியதாயிற்று. படித்தவர்களுக்கு அது எழுத்துப்பிழை மாதிரியே தெரிந்தது. 1944இல் பிபூன் பதவி போனதும் பழைய எழுத்து திரும்பிவிட்டது. குழந்தைகள் பக்கம் நின்று பார்த்தால் அவர் செய்தது அவ்வளவு தப்பா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஆனால் ராணுவ உத்தரவு போட்டா எழுத்தைத் திருத்துவது?

15 | கொராட் மாப்பிள்ளை

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் என்ன ஆனது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960இல் ஏழு வருடம் கட்டாயம் என்றார்கள், கிராமத்தில் நாலுக்கு மேல் வகுப்பே இல்லாததால் பல ஊரில் காகிதத்தோடு நின்றது. 1964இல் சியாங் மாய், கொன் கேன் என்று வெளியூரில் பல்கலைக்கழகங்கள் வந்தன. 1971இல் நுழைவுத் தேர்வில்லாத ராம்கம்ஹேங் பல்கலைக்கழகம். 1978இல் 6-3-3 முறை (தொடக்கப் பள்ளி ஆறு வருடம், நடுநிலை மூன்று, மேல்நிலை மூன்று). 1999 சட்டம் ஒன்பது வருடத்தைக் கட்டாயமாக்கியது. என் மாமியார் ஆறாம் வகுப்பு, மனைவி பட்டதாரி, மகள் இப்போது ஏழாவதில். ஒரே வீட்டில் நாலு சட்டம்.

ஆனால் மகள் படிக்கும் பள்ளியில் இந்த வருடம் ஆறு வகுப்புக்கு மூன்று ஆசிரியர். நாட்டில் பள்ளிகளில் ஏறக்குறைய பாதி 120 பிள்ளைகளுக்கும் குறைந்தவை. பல வகுப்பில் டி.வி.தான் வாத்தியார். ஹுவா ஹின் அரண்மனைப் பள்ளியிலிருந்து 1995இல் தொடங்கிய செயற்கைக்கோள் ஒளிபரப்பு. அங்கே ஆசிரியர் கேள்வி கேட்டால் இங்கே கையைத் தூக்குகிறார்கள். 15 வயதுப் பிள்ளைகளை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் 2022 பிசா தேர்வில் தாய்லாந்துக்குக் கணக்கில் 394, வாசிப்பில் 379. அதை நடத்தும் ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி இரண்டிலும் 470ஐத் தாண்டும்.

16 | ரயிலடி

மகள் ஏழாவது, பள்ளியில் ஆறு வகுப்பு. கணக்கு இடிக்கிறதே மாப்பிள்ளை. பிசாவில் 394 யாருக்கு?

17 | கொராட் மாப்பிள்ளை

ஹாஹா, மாட்டிக்கொண்டேன். போன வருடம் வரை படித்த பள்ளி என்று எழுதியிருக்க வேண்டும். இப்போது 11 கிலோமீட்டர் தள்ளி வேறு பள்ளிக்குப் போகிறாள்.

18 | வசந்தா டீச்சர்

முடி விஷயத்தை யாரும் எடுக்கவில்லையே. ராணுவ ஆட்சி 1972இல் போட்ட விதி, பையனுக்கு ஒட்ட வெட்டிய கிராப்பு, பெண்ணுக்குக் காதுமடல் வரை. நீளமாக இருந்தால் ஆசிரியரே கத்தரிக்கோலோடு வந்து எல்லோர் முன்னாலும் கோணல்மாணலாக வெட்டிவிடுவார். 2020இல் பிள்ளைகள் வெள்ளை ரிப்பன் கட்டிக்கொண்டு, காலைக் கொடி வணக்கத்தில் எதிர்ப்புக்கு அடையாளமாக மூன்று விரலைத் தூக்கினார்கள். 2025 மார்ச்சில் உச்ச நிர்வாக நீதிமன்றம், அதன் தொடர்ச்சியாக வந்த 1975ஆம் வருட முடி விதியை ரத்து செய்தது. முப்பது வருடம் வகுப்பு எடுத்தவள் நான். கையில் கத்தரிக்கோல் வைத்திருப்பவரிடம் குழந்தை என்ன கேள்வி கேட்கும்?

அதே ஊரில்தான் 'வாய் க்ரு' நடக்கிறது. க்ரு என்றால் குருதான். பள்ளி திறந்த சில வாரத்தில், பெரும்பாலும் ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை. வியாழன் அங்கேயும் குருவின் நாள். பிள்ளைகள் தட்டு கட்டிக்கொண்டு வந்து ஆசிரியர் காலடியில் வைத்து விழுந்து கும்பிடுவார்கள். தட்டில் என்ன தெரியுமா? அருகம்புல், இட்லிப்பூ, கத்தரிப்பூ. அருகம்புல் எவ்வளவு மிதித்தாலும் துளிர்க்கும், படிப்பும் அப்படிப் படரட்டும். இட்லிப்பூ மொட்டு ஊசி மாதிரி இருக்கும், புத்தி கூர்மையாகட்டும். கத்தரிப்பூ காய் பிடிக்கும்போது தலை கவிழும், பணிவு வரட்டும். நான் பாங்காக்கில் என் அக்கா பேத்தியின் பள்ளியில் இதைப் பார்த்தபோது கத்தரிப்பூவுக்குத்தான் கண் கலங்கியது. பூ என்று அதை யார் மதிக்கிறார்கள்?

19 | சிலோம்வாசி

கடைசியாக என் பள்ளிக்கு வருகிறேன். நேற்று மீன் உருண்டை அம்மா மூலம் அந்தப் பந்து எடுத்துப்போடும் பிக்குவிடமே கேட்டுவிட்டேன். நிலம் விகாரையுடையதுதான், மாநகராட்சி அதில் பள்ளி நடத்துகிறது. பாங்காக் மாநகராட்சிக்கு 437 பள்ளிகள், பெரும் பகுதி இப்படித்தானாம். பிக்குவுக்கு 74 வயது. இசான்காரர். வீட்டில் பிள்ளைகள் அதிகம், நாலாம் வகுப்புக்கு மேல் படிக்க வைக்கப் பணம் இல்லை என்று 12 வயதில் சாமணேரனாக்கிப் பாங்காக்குக்கு ரயிலேற்றிவிட்டார்கள். இந்த விகாரையில்தான் மீதிப் படிப்பு.

கொராட் மாப்பிள்ளை எழுதியது ஞாபகம் வந்து, லாவோவில் இரண்டு வார்த்தை பேசிப் பார்த்தேன். உச்சரிப்பு மோசம்தான் போல. சிரித்துவிட்டார். உள்ளே போய் ஒரு பழைய பையைக் கொண்டுவந்தார். அவர் ஊர் விகாரையிலிருந்து கொடுத்தனுப்பிய ஓலைக் கட்டு ஒன்று, தாம் எழுத்து. அவருக்கும் முழுசாகப் படிக்க வராது. முதல் வரியை விரலால் தொட்டு எழுத்துக்கூட்டினார். நான் பஸ்ஸில் செய்வேனே, அதே மாதிரி.

20 | ரயிலடி

படம் எடுத்தீர்களா? போடுங்கள்.

21 | சிலோம்வாசி

கேட்டேன். அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், வாய் க்ரு அன்று. டீச்சர், இட்லிப்பூ சரி, கத்தரிப்பூ பாங்காக்கில் எந்தச் சந்தையில் கிடைக்கும்?

22 | வசந்தா டீச்சர்

பாக் க்லோங் பூச்சந்தையில் முந்தின நாள் சாயங்காலம் போய்ப் பாருங்கள் தம்பி. அந்த வாரம் முழுக்கக் கட்டிய தட்டாகவே வைத்திருப்பார்கள். வாங்காதீர்கள், நீங்களே கட்டுங்கள்.